பதினோரு வித்துகள்

வளையத்தில் பெண் பார்க்கப் போகிறவர்கள் முகத்தைப் பார்ப்பதற்கு முன் கழுத்தைத்தான் தடவிப் பார்ப்பார்கள். மாப்பிள்ளையின் பெரியம்மாவோ அத்தையோ பெண்ணைப் பக்கத்தில் உட்காரவைத்துப் பேச்சுக் கொடுத்துக்கொண்டே தொண்டைக்குழிக்கு இரண்டு பக்கமும் கட்டைவிரலால் அழுத்துவாள். வீக்கம் தட்டுப்படாவிட்டால் சிரித்துக்கொண்டு, கொடுத்த பானத்தை வாங்கிக் குடிப்பாள். தட்டுப்பட்டாலும் சிரிப்பாள், ஆனால் குடிக்க மாட்டாள்.

வளையம் என்பது ஒரு குடியிருப்பு. மூதொளி என்று பெயரிடப்பட்ட மிகப் பழைய நட்சத்திரம் ஒன்றை அது சுற்றிக்கொண்டிருந்தது. நாலாயிரம் பேர், ஆறு தலைமுறை. சுற்றிலும் மிதந்த பனிப்பாறைகளில் தண்ணீரும் கரியும் வேண்டியமட்டும் கிடைத்தன. பயிர் விளைந்தது, மூச்சுக்காற்றுக்குக் குறைவில்லை. இரும்பு வேண்டுமானால் வந்த கப்பலின் பழைய உடலைப் பிய்த்துக்கொள்ளலாம். பிய்த்து எடுக்க முடியாமல் போனது அயோடின். சூடாக்கினால் ஊதாப் புகையாக எழும்புவதால் ஊரில் அதற்கு ஊதா என்றே பெயர். முதல் தலைமுறை உடம்பில் கொண்டுவந்ததும் கப்பலின் மருந்தறையில் இருந்ததும்தான் மொத்தமும். செத்தவர்களின் கழுத்துச் சுரப்பியிலிருந்து எடுத்தார்கள். உயிரோடிருப்பவர்களின் சிறுநீரிலிருந்து எடுத்தார்கள். எவ்வளவு எடுத்தாலும் கொஞ்சம் சுவரில் படிந்தது, கொஞ்சம் வடிகட்டியில் ஒட்டியது, வெளிக்கதவு திறக்கும்போதெல்லாம் கொஞ்சம் வெற்றுவெளிக்குப் போனது. வயிற்றில் இருக்கும் குழந்தைக்கு ஊதா போதாவிட்டால் காது கேட்காது, பேச்சு வராது, புத்தி வளராது. வருஷத்துக்கு வருஷம் அது போதாமல் போய்க்கொண்டிருந்தது.

வேதமுத்து நீர்மீட்பு ஆலையில் வேலை பார்த்தான். ஊர் முழுவதின் மூத்திரமும் வந்து சேரும் இடம் அது. அதிலிருந்து ஊதாவைப் பிரித்துச் சின்னக் குப்பிகளில் அடைப்பது அவன் வேலை. வயது இருபத்து மூன்று. ஒரு குழாயை மூடினால், சரியாக மூடினோமா என்று சந்தேகம் வந்து மறுபடி திறந்து மறுபடி மூடுவான். அதனால் ஆலையில் அவனுக்கு ‘ரெண்டுதரம்’ என்று பட்டப்பெயர். பெயர் வைத்தவன் பக்கத்துத் தொட்டியில் வேலை பார்த்த பிச்சையா.

“ஏல ரெண்டுதரம், நீ பொறந்ததே சரியாத்தான் பொறந்தோமான்னு உள்ள போயிட்டு மறுபடி வந்தியாமே? உங்கக்கா சொன்னா.”

“அக்கா அப்பிடில்லாம் சொல்ல மாட்டா” என்பான் வேதமுத்து, சிரிக்கத் தெரியாமல்.

வாரத்தில் மூன்று நாள் சாயங்காலம் பள்ளிக்கூடத்தில் பெரியவர்களுக்கான வகுப்பு நடந்தது. வேதமுத்துவும் பிச்சையாவும் இன்னும் ஏழு பேரும் சின்னப் பிள்ளைகளின் நாற்காலியில் முழங்கால் மடங்கி உட்கார்ந்து வானவியல் படித்தார்கள். சொல்லிக்கொடுத்தவள் நப்பின்னை. பகலில் நோக்ககத்தில் மூதொளியின் ஒளியை அளப்பது அவள் உத்தியோகம். வேதமுத்துவைவிட இரண்டே வயது பெரியவள். ஆனாலும் எல்லோருக்கும் டீச்சர்தான்.

“நம்ம முன்னோருங்க தூரத்துலேருந்து மூதொளியோட வெளிச்சத்தப் பிரிச்சுப் பாத்தாங்க” என்று ஒருநாள் அவள் ஆரம்பித்தாள். “பேரியம் தெரிஞ்சது. ஈயம் தெரிஞ்சது. அது ரெண்டும் இருந்தா மத்த கனமான தனிமங்களும் இருக்கும், பிழைச்சுக்கலாம்னு கிளம்பி வந்தாங்க.”

“பின்ன எங்க டீச்சர் அது?” என்று கேட்டான் பிச்சையா. “ஒரு குண்டுமணி ஈயம் நம்ம கைல பட்டது கிடையாது.”

“அது மூதொளிக்கு மேல இருக்கிற பூச்சு. பக்கத்துல ஒரு துணை நட்சத்திரம் இருந்தது. அதுக்கு வயசாகி, ஊதிப் பெருத்துச் சாகும்போது, உள்ள செஞ்சு வச்சிருந்ததெல்லாம் மூதொளி மேல கொட்டிருச்சு. பக்கத்து வீட்டுக்காரங்க வெள்ளையடிக்கும்போது நம்ம செவுத்துல தெறிக்குமே, அதுமாதிரி. பனிப்பாறைங்க அதுக்கு முன்னாடியே, தூரத்துல உண்டானது. அதுல தெறிக்கல.”

“ஒரு தெறிப்பப் பாத்து ஏமாந்து வந்துருக்கானுவ” என்றான் பிச்சையா. வகுப்பு சிரித்தது.

வேதமுத்து கையைத் தூக்கினான், இறக்கினான், மறுபடி தூக்கினான். “டீச்சர், அந்தத் துணையும் இதே மாதிரிப் பழசுதான? அதுலயும் இரும்பே கிடையாதே. ஒண்ணுமில்லாத நட்சத்திரம் எப்படி ஈயம் செஞ்சது?”

நப்பின்னைக்கு முகம் மலர்ந்துவிட்டது. பலகையில் ஒரு வட்டத்துக்குள் இன்னொரு வட்டம் வரைந்தாள்.

“சாகப்போற காலத்துல, உள்ள ஹீலியம் எரியற அடுக்கு இருக்கு பாருங்க, அதுக்குள்ள மேலேருந்து கொஞ்சம் ஹைட்ரஜன் இழுபட்டு விழும். உடனே உள்ள நியூட்ரான் மழை பெய்யும். கொஞ்சநஞ்சம் இருக்கிற இரும்பு அணுதான் வித்து. அது ஒவ்வொரு நியூட்ரானா வாங்கி வாங்கிக் கனமாகிட்டே போகும். வித்து எவ்வளவு இருக்குன்னு மழைக்குத் தெரியாது. அது பாட்டுக்குப் பெய்யும்.”

“அப்ப வித்து கம்மியா இருந்தா...”

“அதை நீங்களே எழுதிட்டு வாங்க. ஒரு பக்கம். ஆலைல உங்க கூட இருக்கிறவங்களுக்குப் புரியணும்.”

வேதமுத்து அந்த ஒரு பக்கத்தை மூன்று முறை எழுதினான். இரண்டு முறை எழுதியதில் நியூட்ரான் என்ற சொல் வந்தது. அதைப் படித்தால் பிச்சையா கொட்டாவி விடுவான் என்று கிழித்தான். மூன்றாவது முறை, வளையத்தில் எதை விளக்கினாலும் எல்லோரும் எதை வைத்து விளக்குவார்களோ அதையே எடுத்துக்கொண்டான்.

‘ஒரு கிண்ணத்தில் நூறு துளி ஊதா இருக்கிறது. நூறு தாய்மாருக்குக் கொடுத்தால் ஆளுக்கு ஒரு துளி. எந்தக் குழந்தையும் முழுதாகாது. பத்துத் தாய்மாருக்குக் கொடுத்தால் ஆளுக்குப் பத்து. பத்துக் குழந்தைகளும் முழுதாகும். ஏழை நட்சத்திரம் ஈயம் செய்தது இப்படித்தான். வித்து குறைந்தால் வித்து கனக்கும்.’

நப்பின்னை அதை வகுப்பில் உரக்க வாசித்தாள். வாசித்துவிட்டுக் கொஞ்ச நேரம் தாளையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு பள்ளிக்கூட வாசல் பலகையில் எல்லோர் கண்ணிலும் படும்படி ஒட்டினாள். வேதமுத்து அன்றைக்கு வீட்டுக்குப் போகும் வழியில் இரண்டு தடவை திரும்பி வந்து, எழுத்துப்பிழை ஏதும் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போனான். இல்லை.

நாலு நாள் கழித்து ஊர் மருத்துவர் பகீரதன் ஆலைக்கே வந்தார். நாற்பது வயதுக்காரர், யாரையும் மரியாதையாகப் பேசுகிறவர். மூத்திர நெடியில் எல்லோரும் மூக்கைச் சுளிக்கும் இடத்தில் சாதாரணமாக நின்றுகொண்டு கேட்டார்:

“வாசல்ல ஒட்டியிருக்கே, அது நீங்க எழுதினதா தம்பி?”

“ஏதும் தப்பா டாக்டர்?”

“இந்த வருஷம் இருபத்தொன்பது பேர் உண்டாகியிருக்காங்கன்னு நினைக்கிறேன். முழுசாக் கொடுத்தா ஊதா பதினோரு பேருக்குத்தான் வரும். ஏழு வருஷமா என்ன செஞ்சோம்? எல்லாருக்கும் சமமாப் பிரிச்சோம். என்ன ஆச்சு? சின்ன வகுப்புல போய்ப் பாருங்க. கூப்பிட்டா பாதிப் பிள்ளை திரும்பறதில்ல. திரும்புற பிள்ளைக்கு என்ன கேட்டோம்னு புரியல. ஒண்ணுகூட முழுசு இல்ல. இன்னும் இருபது வருஷத்துல இந்த மூச்சுக்காற்று எந்திரத்த யாரு ஓட்டுவா?” குரலைத் தாழ்த்திக்கொண்டார். “நான் இதைச் சொன்னா கல்நெஞ்சுக்காரன்னுவாங்க. நட்சத்திரமே இப்படித்தான் செய்யுதுன்னு நீங்க சொன்னா கேப்பாங்க. கூட்டத்துல வாசிக்கணும்.”

“எனக்குக் கூட்டத்துல பேசிப் பழக்கமில்ல. தப்பாச் சொல்லிருவேன்.”

“தப்பாச் சொல்லிருவோமோன்னு பயப்படுற ஆளத்தான் ஜனங்க நம்புவாங்க தம்பி.”

வேதமுத்துவை யாரும் அதுவரை நம்பியதாகச் சொன்னதில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஊர்க்கூட்டத்தில் அவன் ஏறி நின்று வாசித்தான். வாசித்து முடித்ததும் பின்வரிசையிலிருந்து பிச்சையாவின் குரல் வந்தது.

“ஏல வேதமுத்து, ஒரு சந்தேகம். நட்சத்திரத்துக்கு அக்கா தங்கச்சி உண்டா?”

சிரிப்பு எழுந்தது. ஆனால் அதற்குள் ஒரு பெண், பாதி ஊதாவில் பிறந்து ‘அரைக்காது’ ஆன பிள்ளைக்குத் தாய், எழுந்து நின்று அழ ஆரம்பித்துவிட்டாள். “எம்பிள்ளைக்கு அஞ்சு வயசு. அம்மான்னு சொல்லத் தெரியல. பாதியாக் குடுத்து எதுக்கு? ஒரு வீட்டுலயாவது ஒரு பிள்ளை முழுசாப் பொறக்கட்டும்” என்றாள். அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை.

“மிச்சம் பதினெட்டுப் பிள்ளையும் என்ன ஆவும்?” என்று கேட்டான் பிச்சையா, இப்போது விளையாட்டில்லாமல்.

பகீரதன்தான் பதில் சொன்னார். “பிறக்கட்டும். நம்ம பிள்ளைங்கதானே? சோறு போடுவோம். பாறை உடைக்கிறதுக்குக் காது எதுக்கு?”

கைதூக்கச் சொன்னார்கள். பெரும்பாலான கைகள் மேலே போயின. வேதமுத்துவின் கையும் போனது. தான் எழுதியதற்குத் தானே கை தூக்காமல் இருந்தால் நன்றாக இருக்காது என்று அவனுக்குப் பட்டது. வித்து முறை என்று பெயர் வைத்தார்கள். மூன்றே விதி. பதினோரு பேருக்கு முழுப் பங்கு. மற்றவர்களுக்கு ஒன்றுமில்லை. ஒரு பங்கு ஒரு வித்துக்கு, அதாவது ஒரு பிள்ளைக்கு மட்டும்.

மறுநாள் வகுப்பு முடிந்து எல்லோரும் போன பிறகு நப்பின்னை அவனை நிற்கச் சொன்னாள். பலகையை வெகுநேரம் துடைத்தாள்.

“நீங்க எழுதினதுல ஒரு தப்பு இருக்கு” என்றாள்.

“எங்க?”

“வித்து ரொம்பக் குறைஞ்சா மழை முழுக்க அதுங்க தலைலயே கொட்டும். அதுவரைக்கும் சரி. ஆனா அப்படிக் கொட்டினா அது நடுவுல எங்கயும் தங்காது. நேரா ஈயத்துல போய் விழுந்துரும். அயோடின் நடுவழில இருக்கு. அந்த மாதிரி நட்சத்திரம் ஊதாவத் தாண்டிப் போயிரும். ஊதா அதிகமாத் தங்கணும்னா வித்து இன்னும் நிறைய இருக்கணும். ஒவ்வொண்ணுக்கும் மழை கொஞ்சமா, அளவாக் கிடைக்கணும்.”

“ஈயம் ஆனதுக்கப்புறம்?”

“அவ்வளவுதான். அதுக்கு மேல அது போகாது. எத்தனை கொட்டினாலும் ஈயம் ஈயந்தான்.”

“இத நீங்க வாசிக்கிறப்பவே கவனிச்சீங்களா டீச்சர்?”

அவள் துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தாள். “கவனிச்சேன். உதாரணத்துக்குத்தானே எழுதியிருக்கார்னு விட்டுட்டேன். அழகா எழுதியிருந்தீங்க.”

வேதமுத்து நேராக மருத்துவமனைக்குப் போனான். பகீரதன் அவன் சொன்னதை முழுதும் கேட்டார். நடுவில் ஒரு சந்தேகம்கூடக் கேட்டார்.

“அப்ப நட்சத்திரத்துக்கு நீங்க சொன்னது தப்பு.”

“ஆமா டாக்டர்.”

“நமக்குச் சரி. அதனால ஒண்ணுமில்ல.”

“நட்சத்திரமே இப்படித்தான் செய்யுதுன்னு சொல்லித்தான கை தூக்கினாங்க?”

“இல்ல தம்பி. அவங்களுக்குத் தூக்கணும்னு ஏற்கெனவே ஆசை இருந்தது. தூக்கினா பாவமில்லன்னு யாராவது சொல்லணும், அவ்வளவுதான். நீங்க சொன்னீங்க.” எழுந்து அவன் தோளைத் தட்டினார். “மனசு கேக்கலன்னா வர்ற ஞாயித்துக்கிழமை கூட்டத்துல சொல்லுங்க. நான் தடுக்கல.”

சொல்லத்தான் வேண்டும் என்று வேதமுத்து முடிவு செய்தான். செவ்வாய் முதல் வெள்ளி வரை வேலை முடிந்ததும் உட்கார்ந்து ‘என் பிழை’ என்று தலைப்புப் போட்டு எழுதினான். ஊதா எங்கே தங்கும், ஏன் தங்காது, நட்சத்திரம் யாரையும் தேர்ந்தெடுப்பதில்லை, நம்மைப் போலக் கிண்ணத்தை வைத்துக்கொண்டு யாருக்கு என்று யோசிப்பதில்லை என்றெல்லாம் எழுதினான். முதலில் எழுதியதைவிட இது நன்றாக வந்திருந்தது. அதுவே அவனுக்குக் கொஞ்சம் பயமாகவும் இருந்தது.

சனிக்கிழமை சீட்டு எடுத்தார்கள். மூன்றாம் மாதம் முடிந்தவர்களும் முடியப்போகிறவர்களும் பெயர் கொடுத்திருந்தார்கள். மூன்று மாதம் முடியும்வரை வயிற்றில் இருப்பதைப் பெற்ற தாயிடம்கூடச் சொல்லாமல் இருப்பது வளையத்து வழக்கம். தங்காமல் போகிற கர்ப்பங்கள் அங்கே அவ்வளவு அதிகம். மருத்துவமனை முற்றத்தில் பானையை வைத்து, பள்ளிக்கூடத்துப் பிள்ளை ஒன்றை எடுக்கச் சொல்லி, பகீரதன் பெயர்களை வாசித்தார். ஏழாவது பெயர் அமலி, ரூபன் மனைவி.

வேதமுத்து அதைத் தன் அக்கா பெயரென்று புரிந்துகொள்ளவே கொஞ்ச நேரம் ஆனது.

அமலி கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு வந்து அவன் கையைப் பிடித்தாள். அவளுக்கு முப்பத்திரண்டு வயது. இரண்டு கர்ப்பம் தங்காமல் போயிருந்தது. புருஷன் ரூபன் பாறை வெட்டும் கலத்தில் வெளியே போய் மூன்று மாதம் ஆகியிருந்தது. திரும்பி வர இன்னும் ஆறு மாதம் இருந்தது.

“ஏன்க்கா எங்கிட்டகூட சொல்லல?”

“சொன்னா போயிருமோன்னு பயந்தேன்ல. இப்ப போவாது. இந்தத் தரம் முழுசு. உன்னாலதான்ல, கேட்டியா? சமமாக் குடுத்துருந்தா எம்பிள்ளையும் அரைக்காதுதான்.” அவள் எல்லோர் முன்னாலும் தம்பியின் கன்னத்தைப் பிடித்துக் கிள்ளினாள். பக்கத்தில் நின்ற ஒருத்தி, பெயர் வராதவள், “எழுதினவன் அக்காவுக்குச் சீட்டு விழாம பின்ன எனக்கா விழும்?” என்று காறித் துப்பிவிட்டுப் போனாள். அமலி அதைக் காதில் வாங்கிக்கொள்ளவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் வேறு ஏதும் சொல்ல இருக்கிறதா என்று கேட்டபோது பகீரதன் வேதமுத்து உட்கார்ந்திருந்த பக்கம் பார்த்தார். நப்பின்னையும் பார்த்தாள். நாலாய் மடித்த தாள் அவன் பையில் இருந்தது. அவன் குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்தான். சரியாக இருந்த வாரைத்தான். கூட்டம் கலைந்தது. அதற்குப் பிறகு நப்பின்னை வகுப்பில் அவனிடம் கேள்வி கேட்பதை நிறுத்திவிட்டாள்.

பங்கு கொடுக்கத் தொடங்குமுன் பதினோரு பேருக்கும் வயிற்றைப் படமெடுத்துப் பார்த்தார்கள். எடுத்த மறுநாள் பகீரதன் வேதமுத்துவை அழைத்தனுப்பினார். மேசைமேல் ஒரு படம் இருந்தது.

“இரட்டை” என்றார்.

வேதமுத்துவுக்கு முதலில் சந்தோஷமாகத்தான் இருந்தது. அவன் முகத்தைப் பார்த்துவிட்டுப் பகீரதன் சற்றுப் பொறுத்தார்.

“ஒரு பங்கு ஒரு வித்துக்குத்தான் தம்பி.”

“அப்ப... ரெண்டுக்கும் பாதிப் பாதி?”

“அதத்தானே ஏழு வருஷமாச் செஞ்சோம்? அதுதான் வேண்டாம்னு நீங்க வாசிச்சீங்க?”

“ரெண்டு பங்கா?”

“கொடுக்கலாம். அப்ப மத்த பத்துல ஒரு பேர எடுக்கணும். எந்தப் பேருன்னு சொல்லுங்க, எடுத்துடறேன்.” அவர் நிஜமாகவே காத்திருந்தார். “ஒண்ண வளரவிடாம நிறுத்திடலாம். ஒரு ஊசி, அரைமணி நேர வேலை. உங்க அக்காவுக்கு ஒண்ணும் ஆகாது, இன்னொண்ணு நல்லா வளரும். இல்லன்னா பங்கு அடுத்த பேருக்குப் போகும். விதியில அவ்வளவுதான் இடம். நான் சொன்னா டாக்டர் சொல்றாருன்னு இருக்கும். நீங்க சொன்னா அவங்களுக்குப் புரியும். உங்களுக்குப் புரியவைக்கிற கை இருக்கு.”

வேதமுத்து அன்று முழுவதும் எப்படித் தொடங்குவது என்று எழுதிப் பார்த்தான். ஐந்தாவது தாளில் சரியாக வந்தது.

மறுநாள் வேலை முடிந்ததும் அக்கா வீட்டுக்குப் போனான். அமலி தரையில் காலை நீட்டி உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். மூதொளியின் வெளிச்சம் மேற்கூரைக் கண்ணாடி வழியாக அவள் மடியில் விழுந்திருந்தது.

“வால. டாக்டரு கூப்பிட்டாராமே?”

“உனக்கு யாரு சொன்னா?”

“ஊருல எத எவன் மறைக்கான்? உக்காரு.”

அவன் உட்கார்ந்தான். படத்தைக் கையில் வைத்துக்கொண்டு தொடங்கினான். ஒரு கிண்ணம் ஊதா என்றான். ஒரு பிள்ளை முழுதாக ஆவதற்கு எவ்வளவு வேண்டும் என்றான். அதை இரண்டாகப் பிரித்தால் இரண்டும் அரை என்றான். அரைக்காதுப் பிள்ளைகளில் யார் யார் அவளுக்குத் தெரிந்தவர்கள் என்று பெயர் சொன்னான். அமலி கீரையின் பழுத்த இலைகளை ஒரு பக்கம் ஒதுக்கியபடி கேட்டுக்கொண்டிருந்தாள். ஒரு இடத்தில், “அப்ப பங்கு போனா ரெண்டுக்கும் சொட்டுகூட வராதா?” என்று கேட்டாள். வராது என்று அவன் விளக்கினான். இன்னொரு இடத்தில், “நிறுத்துததுன்னா எப்பிடி?” என்று கேட்டாள். பகீரதன் சொன்னதை அப்படியே, ஊசி என்ற சொல்லை மட்டும் விட்டுவிட்டுச் சொன்னான்.

சொல்லி முடித்ததும் அமலி தலையாட்டினாள்.

“நீ நல்லாத்தான் சொல்லிக் குடுக்க. எனக்கே வெளங்கிட்டு பாரு.”

“அக்கா...”

“சரி, எத நிறுத்தணும்?”

“அத டாக்டர்தான்...”

“டாக்டர விடு. அவருக்கு என்ன, எதுன்னாலும் ஒண்ணுதான். நீ சொல்லு. நீ படிச்சவன், பாத்துச் சொல்லு.”

“நான் எப்பிடிக்கா?”

“யாராவது ஒருத்தர் சொல்லித்தான ஆவணும்? எனக்கு அந்தப் படம் பாக்கத் தெரியாது. உனக்குத் தெரியும்லா?”

அவன் படத்தைப் பார்த்தான். சாம்பல் நிறத்தில், ஒன்றுக்கொன்று முதுகைக் காட்டிக்கொண்டு, இரண்டு உருவங்கள். ஒவ்வொன்றின் கீழும் சின்ன எழுத்தில் அளவு போட்டிருந்தது. அவன் பார்க்க நினைத்தது உருவத்தை. கண் போனது எண்ணுக்கு. எழுபத்தெட்டு. எழுபத்து நாலு. அக்கா காத்துக்கொண்டிருந்தாள். கீரையை ஆய்வதைக்கூட நிறுத்தியிருந்தாள். ஏதாவது ஒரு காரணத்தோடு சொன்னால் அவளுக்கு மனசு ஆறும் என்று அவனுக்குத் தோன்றியது.

“வலப்பக்கம் இருக்கது” என்றான். “நாலு மில்லிமீட்டர் சின்னது.”

“நல்லாப் பாத்தியா?”

“பாத்தேன்.”

“சந்தேகம் ஒண்ணும் இல்லயே?”

“இல்லக்கா.”

அமலி அவன் கையிலிருந்து படத்தை வாங்கினாள். பார்க்கவில்லை. பின்பக்கமாகத் திருப்பித் தரையில் வைத்து, அதன்மேல் கீரைக்கட்டைத் தூக்கி வைத்தாள்.

“நான் காலைலயே டாக்டர்ட்ட போயி பங்கு வேண்டாம்னு எழுதிக் குடுத்துட்டு வந்துட்டேன். படம் எடுத்தன்னைக்கே அந்த நர்ஸ் பிள்ளை சொல்லிட்டா, ரெண்டுன்னு. ரெண்டு ராத்திரி பூரா யோசிச்சேன். அடுத்த பேருக்காரிக்குச் சேதி சொல்லி அனுப்பியாச்சு. அவ வீட்டுல இந்நேரம் இனிப்புச் செய்வாவ.”

“பின்ன எதுக்கு எங்கிட்ட கேட்டே?”

“சொல்லுவியான்னு பாத்தேன்.”

வெளியே தெருவில் யாரோ யாரையோ கூப்பிட்டுக்கொண்டு போனார்கள். அமலி கீரையை மறுபடி எடுத்தாள். அவள் விரல்கள் அவசரமில்லாமல் இலையைக் காம்பிலிருந்து பிரித்தன.

“ரெண்டுக்கும் காது கேக்காதுக்கா” என்றான் அவன். அழுகிறோம் என்பது அவனுக்குத் தெரியவில்லை. “பேச்சு வராது. உன்ன அம்மான்னு கூப்பிடாது. நீ கத்திக் கூப்பிட்டாலும் திரும்பாது. கடைசிவரைக்கும் பாறை உடைக்கத்தான் விடுவாங்க. புரியுதா உனக்கு?”

“புரியாம என்ன? அதான் இவ்வளவு நேரம் புரிய வச்சியே.”

“கேக்காதுக்கா. ஒண்ணுமே கேக்காது.”

“கேக்காண்டாம்” என்றாள் அமலி. “கேக்கிற காதா இருந்தா இப்ப நீ சொன்னதையும் கேட்டிருக்கும்லா?”

சொல்லிவிட்டு, கீரை ஒட்டியிருந்த ஈரக் கையை வயிற்றின் வலப்பக்கத்தில் வைத்து மூடிக்கொண்டாள்.